படித்துப் பார்த்தவர்: ஃபரா

அத்தியாயம் 6

செத்தவன் மேல் பழி போடுவதைப் போலச் சுலபமான வேலை உலகத்தில் இல்லை. அவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான்? செங்கம் சாலையில் இருந்த அந்தத் தனியார் மருத்துவமனையின் கம்ப்யூட்டர் அறையில், ஏ.சி. குளிரில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு பரசுராமன் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார். கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவர்தான் மேனேஜர்.

"ஏழாவது படியைப் பாருங்க மேடம்." ஒரு தாளை ரேவதியின் பக்கம் தள்ளினார். "இது கைத்தப்பு கிடையாது. திட்டம். வேணும்னே வச்சுட்டுப் போயிருக்கான் முபின்."

துப்பறிவாளர் ரேவதி தாளை எடுத்துப் படித்தாள். பின்னால் நின்ற உதவியாளன் ஜியாவுல்லா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 'உனக்கு உடம்பெல்லாம் வாய்' என்று ரேவதி அவனை அடிக்கடி திட்டுவாள். இன்று அந்த வாய் பூட்டிக்கிடந்தது. முபின் அவனோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். இந்த மருத்துவமனையின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொண்டவன். போன மாதம் வேலை முடிந்து பைக்கில் வீட்டுக்குப் போகும்போது லாரி அடித்துச் செத்துப்போனான். அவனைச் சுமந்த தோள்களில் ஒன்று ஜியாவுடையது.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க சார்," என்றாள் ரேவதி.

பரசுராமன் சொன்னார். நோயாளிகளின் விவரம் அத்தனையும் இருக்கும் டேட்டாபேஸுக்கு இரண்டு மெஷின்கள். ஒன்று டவுனில், இந்த அறையில். இன்னொன்று கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலை முதலுதவி மையத்தில். சாதாரண நாளில் எல்லாம் டவுன் மெஷினில்தான் பதிவாகும். அடி அண்ணாமலையில் இருப்பது அதன் நகல். பௌர்ணமி அன்று மட்டும் கதை தலைகீழ். மலையைச் சுற்ற லட்சக்கணக்கில் ஜனம் வந்து இறங்கினால் போன் லைனெல்லாம் திணறிவிடும். அதனால் அன்றைக்கு அடி அண்ணாமலை மெஷின்தான் அசல், டவுனில் இருப்பது நகல்; அன்றைய விவரம் மறுநாள்தான் இங்கே வந்து சேரும்.

அடி அண்ணாமலை மெஷின் நின்றுபோனால் என்ன செய்வது என்று முபின் எழுதிய கையேட்டின் ஏழாவது படி இப்படி இருந்தது: 'அடி அண்ணாமலை மெஷினில் உள்ளதை முழுவதும் அழித்துவிட்டு, டவுன் மெஷினிலிருந்து புதிதாக நகல் எடுக்கவும்.'

"சாதாரண நாள்ல இது சரி," என்றாள் ரேவதி. "பௌர்ணமி அன்னிக்குச் செஞ்சா?"

"அசலே போயிடும். போயிடுச்சு. போன பௌர்ணமி சாயங்காலம் அந்த மெஷின் மக்கர் பண்ணுச்சு. கையேட்டை எடுத்து வச்சுக்கிட்டு ஒண்ணொண்ணா செஞ்சேன். அன்னிக்கு வந்த அத்தனை பேஷன்ட் விவரமும் காலி. ஒரு பெரியவருக்கு என்ன ஊசி போட்டாங்கன்னே தெரியாம டாக்டருங்க தவிச்சுட்டாங்க. அவர் பொழைச்சது அண்ணாமலையார் புண்ணியம்."

பூட்டிக்கிடந்த வாய் திறந்தது. "அன்னிக்குப் பௌர்ணமின்னு உங்களுக்குத் தெரியாதா சார்? ஜன்னலைத் திறந்தா கிரிவலக் கூட்டம் தெரியுமே."

"கையேட்டுல எப்படி இருக்கோ அப்படித்தான் செய்யணும், சொந்த மூளையைக் காட்டக் கூடாது. அது முபின் போட்ட சட்டம்தான் தம்பி."

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று ஜியா முணுமுணுத்தான். பரசுராமன் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

"முந்தின பௌர்ணமிக்கு லீவு கேட்டான். மச்சினிக்கு நிச்சயதார்த்தமாம். பௌர்ணமியும் அதுவுமா எப்படித் தர முடியும்? முடியாதுன்னேன். அந்தக் கோபத்தை இப்படித் தீர்த்துக்கிட்டான். நாளைக்குப் போலீஸ்ல கம்ப்ளெயின்ட் கொடுக்கறோம். ரெண்டு பேர் மேல."

"ரெண்டு பேரா?"

தாளின் அடியில் ஒரு சின்னக் கட்டத்தைப் பரசுராமன் விரலால் தட்டினார். 'படித்துப் பார்த்தவர்: ஃபரா.'

"அவன் சம்சாரம். எழுதற கையேட்டையெல்லாம் அவகிட்டதான் படிக்கக் கொடுப்பான். அந்தப் பொண்ணுக்கும் தெரிஞ்சுதான் இது நடந்திருக்கு."

ஜியா கெஞ்சித்தான் ரேவதி இந்த வழக்கையே எடுத்தாள். ரேவதிக்காக, மருத்துவமனையை நடத்தும் பெரிய டாக்டர் ஒரு நாள் அவகாசம் கொடுத்திருந்தார். புருஷனைப் பறிகொடுத்து இத்தா என்ற துக்கக் காலத்தில் இருக்கிற பெண், வாசல்படி தாண்டக் கூடாத பெண், நாளைக்கு ஸ்டேஷனில் போய் நிற்க வேண்டுமா?

"இந்தப் பேரை யார் டைப் பண்ணினாங்கன்னு மெஷின்ல தெரியாதா?" என்றாள் ரேவதி.

"தெரியாது மேடம். இங்க எல்லாருக்கும் ஒரே லாகின்தான்."

"முபின் அதுக்கு ஒத்துக்கிட்டாரா?"

"கத்திக்கிட்டேதான் இருந்தான்," என்றார் பரசுராமன், கொட்டாவியை அடக்கிக்கொண்டு.

எதிர்ப்பக்கம் டீக்கடையில், கதர் ஜிப்பா போட்ட இரண்டு வெள்ளைக்காரர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முபினின் பழைய கையேடுகளைப் பிரித்தார்கள். மெஷினை எப்படி நிறுத்துவது, எப்படி எழுப்புவது, பேக்கப் எடுத்தது சரியா என்று எப்படிப் பார்ப்பது, எதை ஏன் மாற்றினோம், மாற்றியது சொதப்பினால் பழையபடி எப்படித் திரும்புவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கையேடு. பாஸ்வேர்ட் மட்டும் எதிலும் இல்லை. எல்லாவற்றின் அடியிலும் அதே கட்டம், அதே பெயர்.

"ஊர்ல அவனவன் பொண்டாட்டிக்கு மல்லிப்பூ வாங்கினு போவான் மேடம். இவன் மேனுவல் எடுத்துனு போயிருக்கான்."

"அவங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா?"

"சுட்டுப் போட்டாலும் வராது. அவங்க ஆரி எம்பிராய்டரி டீச்சர். அதனாலதான் அவங்ககிட்ட கொடுத்தான். தெரிஞ்சவன் எழுதினா, தனக்கு ரொம்ப நல்லாத் தெரிஞ்சதை எழுதாம விட்டுடுவானாம். தெரியாதவங்க படிச்சாத்தான் எது விட்டுப்போச்சுன்னு தெரியுமாம். நான் படிக்கிறேன்டான்னேன். உனக்கு எதுவுமே தெரியாது, அது ஜாஸ்தின்னுட்டான்."

ரேவதி சிரிக்கவில்லை. "இதைப் படி," என்று ஒரு பக்கத்தை நீட்டினாள். படிகளுக்கு நடுவே வேறு மாதிரி இரண்டு வரிகள் இருந்தன.

'கேள்வி: கொஞ்ச நேரம் காத்திருக்கவும்னு போட்டிருக்கீங்களே, எவ்ளோ நேரம்? கொஞ்ச நேரத்துல வீட்டுக்கு வரேன்னு நீங்க சொல்ற நேரமா?'

'பதில்: இருபது நிமிடம். வீட்டுக்கு வரும் நேரத்தோடு இதைக் குழப்ப வேண்டாம்.'

ஜியாவுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்ததைப் புரட்டினான். 'கேள்வி: பச்சை லைட் எரியுதான்னு பாருன்னா, கரன்ட் போயிருந்தா எதைப் பார்க்கிறது, உங்க மூஞ்சியையா?' அதற்குக் கீழே முபின், கரன்ட் இல்லாத நேரத்தில் செய்ய வேண்டியதை வரிசையாக எழுதியிருந்தான். ஜியா வாய்விட்டுச் சிரித்தான். சிரிப்பு பாதியில் எங்கோ போய் மாட்டிக்கொண்டது. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சாலையைப் பார்த்தான். புருஷனும் பெண்டாட்டியும் குடும்பம் நடத்தியதே இந்தத் தாள்களில்தான் போலிருக்கிறது.

"ஒவ்வொண்ணுலயும் ஒரு கேள்வியாவது இருக்கு," என்றாள் ரேவதி. "கடைசிக் கையேட்டுல?"

ஜியா புரட்டிப் பார்த்தான். "ஒண்ணுமில்ல."

"இவ்ளோ வாய் இருக்கிற பொண்ணு, 'முழுசும் அழிச்சுடு'ன்னு போட்டிருக்கிற இடத்துல வாயே திறக்காமப் போயிருப்பாங்களா?"

"சான்ஸே இல்ல மேடம்."

"அப்ப அவங்க இதைப் படிக்கல. படிக்காதவங்க பேரு அங்க எப்படி வந்துச்சு?"

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது முபினின் வீடு. அவனுடைய அம்மா அஜ்மத் பேகம் கதவைத் திறந்தார். ஜியாவுக்கு முன் அறையில் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு, ரேவதியை உள்ளே கூட்டிப் போனார். உள் அறையின் வாசலில் ஒரு கனத்த திரை தொங்கியது. இத்தா முடியும்வரை ஃபரா வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டாள். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

"நல்லா இருக்கீங்களா ஜியா பாய்?"

"இருக்கேன் பாபி." நண்பனின் மனைவியை அண்ணி முறை வைத்து அப்படித்தான் கூப்பிடுவான்.

ஏழாவது படியில் என்ன எழுதியிருந்தது என்பதை ரேவதி சொல்லவில்லை. ஏதோ ஒரு கையேடு தப்பாகிவிட்டது, அதில் உங்கள் பெயர் இருக்கிறது, போலீஸ் வரைக்கும் போகலாம் என்று மட்டும் சொன்னாள்.

"நான் கடைசியா ஒண்ணையும் படிக்கலைங்க. நாங்க பேசிக்கவே இல்ல," என்றாள் ஃபரா. "தங்கச்சி நிச்சயத்துக்கு அவரு வரல. பௌர்ணமி, அடி அண்ணாமலை மெஷினை விட்டுட்டு வர முடியாதுன்னாரு. அந்த மெஷினையே கட்டிக்கங்கன்னு சொல்லிட்டு போளூருக்கு, எங்கம்மா வீட்டுக்குப் போயிட்டேன். போன் பண்ணாரு, எடுக்கல. நாலு நாள் கழிச்சு ஃபைல் ஒண்ணு அனுப்பினாரு. திறக்கல. இன்னும் ரெண்டு நாள் போகட்டும், நல்லா தவிக்கட்டும்னு இருந்தேன். மறுநாள்தான்..."

அஜ்மத் பேகம் "யா அல்லாஹ்" என்று மூக்கைச் சிந்துவது கேட்டது.

"அந்த ஃபைல் இப்பவும் இருக்காம்மா?" என்றாள் ரேவதி.

போன் கை மாறியது. ரேவதி சத்தமாகப் படித்தாள். "'கோபம் போகலன்னாலும் பரவால்ல. படிச்சுட்டுத் திட்டு.' இதுக்குக் கீழ ஃபைல் திறக்காமலேயே இருக்கு." பிறகு தணிந்த குரலில், "இதை இப்பத் திறந்து பார்த்தா உங்களைக் காப்பாத்த உதவும்மா," என்றாள்.

"வேணாங்க," என்றாள் ஃபரா. "அவரு எனக்கு அனுப்பினதுல நான் பார்க்காதது இது ஒண்ணுதான் மிச்சம் இருக்குது. இதையும் பார்த்துட்டா அப்புறம் எனக்கு வர்றதுக்கு ஒண்ணுமே இருக்காது. போலீஸ் வரட்டும், பரவால்ல."

ரேவதி எழுந்துகொண்டாள். வற்புறுத்தவில்லை. சந்து முனை வந்ததும் ஜியா நின்றான்.

"கையில கிடைச்ச சாட்சியை விட்டுட்டு வரோமே மேடம்."

"விட்டுத்தான் ஆகணும். வேற வழி பார்ப்போம். அந்த மனுஷன் சோம்பேறி, கவனிச்சியா? சோம்பேறிக்கு வேலையைக் கொடுத்தா வேலையே நமக்குச் சாட்சி சொல்லும்."

மருத்துவமனைக்குத் திரும்பியதும் ரேவதி நேரே பரசுராமன் அறைக்குப் போகவில்லை. முதலில் பெரிய டாக்டரின் அறைக்குப் போய், முபின் பாதியில் விட்ட கையேடு வேறு ஏதாவது உண்டா என்று கேட்டு ஐந்து நிமிடம் பேசினாள். பிறகு கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைந்து, விஷயம் தெரியாதவளைப் போல் தலையைச் சொறிந்தாள்.

"ஒரு சின்ன உதவி சார். முபினோட இன்னொரு கையேடு பாதியில கிடக்குதாமே, பேக்கப் சம்பந்தமா. அதையும் எங்க ரெக்கார்டுல வச்சுக்கறோம். பிரின்ட் கொடுத்தா வரமாட்டேங்குதுன்னு வெளிய உட்கார்ந்திருக்கிற பையன் சொல்றான்."

"அது ஒண்ணுமில்ல மேடம்." பரசுராமன் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டார். "கீழ அந்தக் கட்டம் காலியா இருந்தா பிரின்ட் வராது. முபின் பண்ணி வச்ச கிறுக்குத்தனம்."

பேசிக்கொண்டே விரல்களை ஓடவிட்டார். காலியாக இருந்த கட்டத்தில் பெயர் விழுந்தது. பிரின்டர் முனகிக்கொண்டு ஒரு தாளைத் துப்பியது. ஜியா அதை எடுத்தான். சூடாக இருந்தது.

"'படித்துப் பார்த்தவர்: ஃபரா,'" என்று வாசித்தான். "சார், அவங்க இத்தாவுல இருக்காங்க. வீட்டு வாசல்படி தாண்டக் கூடாது. எப்ப சார் வந்து படிச்சாங்க? உங்க விரல் வழியாவா?"

பரசுராமனின் கைகள் கீபோர்டின் மேலேயே நின்றுவிட்டன. அப்போதுதான் கதவருகில் பெரிய டாக்டர் நிற்பதைப் பார்த்தார்.

"எல்லாத்துலயும் அந்தப் பேருதானே இருந்துச்சு..." என்று ஆரம்பித்தவர் அப்படியே சுருங்கிப்போனார். "சும்மா ஒரு சடங்குன்னு நினைச்சேன் மேடம். அன்னிக்கு மெஷின் நிக்குது, அடி அண்ணாமலையில இருந்து கத்தறாங்க. இந்தக் கையேடு இருந்துச்சு. பிரின்ட் வரல. அந்தப் பேரைப் போட்டேன், வந்துடுச்சு."

"போடறதுக்கு முன்னாடி கையேட்டு மேல என்ன எழுதியிருந்துச்சு?"

அவர் ரேவதியை நிமிர்ந்து பார்க்கவில்லை. "'வரைவு. யாரும் பயன்படுத்த வேண்டாம்'னு இருந்துச்சு. கட்டத்துல பேரைப் போட்டதும் அது தானா மறைஞ்சுடும். எல்லாம் அழிஞ்சுபோனதும் எனக்கு உதறல் எடுத்துடுச்சு. அவன்தான் இல்லையே, அவனுக்கு இனிமே என்ன ஆகப்போகுதுன்னு..."

"அவனுக்கு ஒண்ணும் ஆகாது சார்," என்றான் ஜியா. "பேரு மட்டும்தான் மிச்சம் இருந்துச்சு. அதையும் புடுங்கப் பார்த்தீங்க."

பெரிய டாக்டர் புகார் கிடையாது என்றார். பரசுராமனைத் தன் அறைக்கு வரச் சொன்னார். ஜியா மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினான். கீழே வந்து திரும்பிப் பார்த்தால் ரேவதி பாதிப் படியிலேயே நின்றிருந்தாள்.

"மேடம், ஜெயிச்சுட்டோம். ஒரு பாதாம் பால் கூடவா கிடையாது?"

"ஜியா, அந்தாளு டைப் பண்ணினது பேரை மட்டும்தான். ஏழாவது படியில பௌர்ணமிங்கிற வார்த்தையை எழுதாம விட்டது அவரு இல்ல."

அவனுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியபோது, பிடித்திருந்த கைப்பிடிக் கம்பியை விடவே தோன்றவில்லை. பௌர்ணமிக்கு மெஷின் தலைகீழாகும் என்பது முபினுக்கு மூச்சு விடுவதைப் போலப் பழகிப்போன விஷயம். அதை எழுத வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றியிருக்காது. அப்படி விட்டுப்போவதைப் பிடிக்கத்தானே அவளைப் படிக்கச் சொன்னான்? ஃபரா அன்றைக்கே ஃபைலைத் திறந்திருந்தால் பௌர்ணமி பற்றிய வரி அதில் சேர்ந்திருக்கும்.

"அவங்களுக்குத் தெரிய வேணாம் மேடம்," என்றான். "ப்ளீஸ்."

"நான் சொல்லப்போறதில்ல," என்றாள் ரேவதி.

முபினின் வீட்டில், திரைக்குப் பக்கத்தில் அதே நாற்காலியில் ஜியா மறுபடி உட்கார்ந்தான். பள்ளிவாசலில் சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி ஓய்ந்திருந்தது. புகார் இல்லை, முபின் மேல் தப்பில்லை என்று உள்ளே ரேவதி சொல்ல, அஜ்மத் பேகம் சத்தமாகவே அழுதார்.

"அவரு தப்பா எழுதலையா?" என்றாள் ஃபரா.

"முடிக்கலம்மா. வரைவுன்னு எழுதி, யாரும் தொடக் கூடாதுன்னு பூட்டித்தான் வச்சிருந்தார்."

"நான் படிக்கிறதுக்காகவா?"

ஜியாவால் பொறுக்க முடியவில்லை. "பாபி, இன்னொண்ணு. அவன் நிச்சயத்துக்கு லீவு கேட்டிருக்கான். பரசுராமன்தான் தரல. உங்ககிட்ட அதைச் சொல்றதுக்கு அவனுக்கு ரோஷம் விடல போல."

"கேட்டாரா," என்றாள் ஃபரா. ஆறுதலாக இருக்கும் என்று சொன்ன வார்த்தை அவளை இன்னொரு தரம் அறுத்துவிட்டது என்று ஜியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"போனைக் கொடுங்க மாமி. நான் படிச்சுடறேன். எனக்குன்னு காத்துனு இருக்குது. நான் படிக்காம அது முடியாது."

"இப்ப வேணாம் பாபி. இன்னொரு நாளைக்கு."

"நிறைய நாள் தள்ளிப் போட்டுட்டேன் பாய்."

அவள் சத்தமாகவே படிக்க ஆரம்பித்தாள். அப்படித்தான் படிப்பாளாம்; முபின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் எங்கே தடுக்குகிறாள் என்று கேட்டுக்கொண்டே இருப்பானாம். முதல் படியைப் படித்தாள். இரண்டாவது, மூன்றாவது. நாலாவதில் நின்று, "எந்தப் பட்டன்னு போடவே இல்ல பாரு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். குரலில் பழைய ஃபரா கொஞ்சம் எட்டிப் பார்த்தாள். ஐந்து. ஆறு.

ஜியா இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டான். ஏழாவதில் நிற்காதீர்கள். அல்லாவே, ஏழாவதில் அவங்க நிற்கக் கூடாது.

"'அடி அண்ணாமலை மெஷினில் உள்ளதை முழுவதும் அழித்துவிட்டு, டவுன் மெஷினிலிருந்து புதிதாக நகல் எடுக்கவும்.'" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "'எட்டு. நகல் முடிந்ததும்...'"

ஜியா மூச்சு விட்டான்.

குரல் பாதியில் நின்றது. போனில் நகம் இடிக்கும் சின்னச் சத்தம் கேட்டது; ஏழாவது படிக்குத் திரும்பிப் போகிறாள்.

"ஏங்க," என்றாள் ஃபரா. "பௌர்ணமி அன்னிக்கு அதுதானே பெரிய மெஷின்னு சொல்வீங்க. அன்னிக்கும் இப்படியே அழிக்கணுமா?"

திரைக்கு அந்தப் பக்கம் அவள் முபினின் பதிலுக்காகக் காத்திருந்தாள்.